சாட் ஆப் கம்பெனி ஆரம்பிக்கப்போறீங்களா, கோட் எழுதத் தெரியாத ரெண்டு பேரை முதல்ல பிடிங்க

அடிக்கடி யாராவது ஒருத்தர் வந்து கேக்குறாங்க, "அண்ணே நாங்க ஒரு சாட் ஆப் பண்ணப்போறோம், டீம் ரெடி, நாலு பேரும் ஒரே காலேஜ், ஒரே பேட்ச், நாலு பேருமே டெவலப்பர்". அந்த கடைசி வார்த்தையைக் கேட்டதுமே எனக்கு வயித்த கலக்கும். ஏன்னா சாட் ஆப்ல கோட் எழுதுறதுதான் இருக்குறதுலயே சுலபமான வேலை, ஒரு நல்ல பையன் மூணு மாசத்துல ஓடுற மாதிரி ஒண்ணு பண்ணி குடுத்துடுவான், அதுக்கப்புறம் அது ஏன் ஓடலன்னு கண்டுபிடிக்கத்தான் வேற மாதிரி ஆளுங்க வேணும்.

நான் இதுல பெரிய ஆளெல்லாம் இல்ல. ஒரு ஐடி கம்பெனில மேனுவல் டெஸ்டரா இருந்தவன். மதுரைல பூ கமிஷன் கடைக்காரங்களுக்கும் பூ போடுற விவசாயிங்களுக்கும் நடுவுல ஓடுற மாதிரி ஒரு சின்ன வாய்ஸ் மெசேஜ் ஆப் பண்ணோம், ரெண்டு வருஷம் ஓட்டுனோம், மூடிட்டோம். பேப்பர்ல ஃபவுண்டர்னு இருந்தது மூணு பேர். நான், செல்போன் சர்வீஸ் கடை வச்சிருக்குற ஒரு அண்ணன், டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல காலம் பூரா வேலை பாத்து ரிட்டயர் ஆன ஒரு அக்கா (வயசுக்கு அம்மான்னுதான் கூப்பிடணும், கூப்பிட்டா கோவப்படுவாங்க). கோட் எழுதுன தம்பி சம்பளத்துக்கு வந்து சேந்தவன், ஷேர்லாம் அப்புறம்தான் குடுத்தோம். இந்த டீமை பாத்து சிரிக்காத ஆள் கிடையாது.

ஆனா இந்த தொழில்ல ஜெயிச்சவங்களை எடுத்துப் பாருங்க, யாரும் நேரா வந்தவங்க இல்ல. வாட்ஸப் ஆரம்பிச்ச ஜான் கௌம், 16 வயசுல 1992ல உக்ரைன்ல இருந்து அம்மாவோட அமெரிக்கா போனவர், மளிகைக்கடைல தரை பெருக்கி, அரசாங்கம் குடுத்த சாப்பாட்டு கூப்பன்ல வளந்தவர். கூட இருந்த பிரையன் ஆக்டன் 2009ல ட்விட்டர்லயும் ஃபேஸ்புக்லயும் வேலை கேட்டு ரெண்டு பேருமே வேணாம்னு சொல்லி அனுப்புன ஆள். ஐஃபோன் ஆப்புக்கு கோட் எழுத ஆள் தேடி இணையத்துல ஃப்ரீலான்சரா இருந்த ஒரு ரஷ்யக்காரரைப் பிடிச்சாங்க. ரகசியத்துக்கு பேர்போன சிக்னல் சாட் ஆப்போட பழைய கதை 2010ல ஆரம்பிக்குது, அதுல ஒருத்தர் கப்பல் பைத்தியமான மாக்ஸி மார்லின்ஸ்பைக், இன்னொருத்தர் ரோபோ பண்றவர். ஆபீஸ்காரங்க பேசிக்கிற ஸ்லாக்கும் கேம் ஆடுறவங்க பேசிக்கிற டிஸ்கார்டும் கேம் கம்பெனில இருந்து வந்ததுங்க, கேம் ஊத்திக்கிச்சு, சாட் நின்னுச்சு. சீனாவோட சாட் ஆப் வீசாட்டை எடுத்தா, அதோட கம்பெனி டென்சென்ட் தலைமையகம் இருக்குறது ஷென்சென்ல, ஆனா 2011 ஜனவரில வீசாட்டை வெளியிட்டது குவாங்ஜோல மெயில் சர்வீஸ் பாத்துட்டு இருந்த ஆலன் ஜாங்கோட சின்ன டீம்.

இதைப் படிச்சுட்டு "அப்ப யார வேணா சேத்துக்கலாம்"னு போயிடாதீங்க. கௌமும் ஆக்டனும் யாஹூல வருஷக்கணக்கா சர்வர் பக்கம் கை அழுக்கானவங்க. வேஷம்தான் விசித்திரம், கை நல்லா தேறின கை. உங்க டீம்லயும் ஒவ்வொருத்தருக்கும் ஏதோ ஒண்ணுல பத்து வருஷமாவது பழக்கம் இருக்கணும், அது கம்ப்யூட்டரா இருக்கணும்னு இல்ல.

ஆளை எப்படி தேர்ந்தெடுக்குறதுன்னா, நாங்க பண்ணது இது. ஒரு மெசேஜ் அனுப்புறவர் கைல இருந்து கிளம்பி வாங்குறவர் காதுக்கு போறவரைக்கும் எங்கெங்க சாகும்னு ஒரு பெரிய சார்ட் பேப்பர்ல எழுதுங்க. நம்பர் பதிவு பண்ண ஓடிபி வரல, அங்க ஒரு சாவு. ஃபோன் ஆப்பை தூங்க வச்சிருச்சு, அங்க ஒண்ணு. நெட் இல்லாத தோட்டம். மெமரி ஃபுல்லு. மெசேஜ் வந்துச்சு ஆனா அவருக்கு படிக்கத் தெரியாது. வந்துச்சு, படிச்சாரு, சண்டையாயிருச்சு, இப்ப கம்ப்ளெயின்ட் யார் வாங்குறது. ஒவ்வொரு இடத்துக்கும் பக்கத்துல "இதை தினமும் பாக்குற ஆள் யாரு"ன்னு எழுதுனா பேர் தானா வரும். எங்களுக்கு ரெண்டாவதும் நாலாவதும் செல்போன் கடை அண்ணன், மூணாவதும் கடைசியும் எக்ஸ்சேஞ்ச் அக்கா. பூக்காரங்களை எனக்கு தெரியும், எங்க மாமா கமிஷன் கடைல கணக்கு எழுதுறவரு.

ஆள் கிடைச்ச அன்னைக்கே பேப்பர் போடுங்க, இதுல மட்டும் சொந்தம் பந்தம் பாக்காதீங்க. பிரைவேட் லிமிடெட்னா குறைஞ்சது ரெண்டு டைரக்டர், ரெண்டு ஷேர்ஹோல்டர். வழக்கமா நாலு வருஷ கணக்கு போடுவாங்க, அதாவது ஷேர் மொத்தமா அன்னைக்கே கைக்கு வராது, முதல் வருஷம் முடியாம கிளம்புனா ஒண்ணும் கிடையாது, அதுக்கப்புறம் மாசாமாசம் கொஞ்சம் கொஞ்சமா சேரும். இந்த மாதிரி டீம்ல வர்ற சிக்கல் என்னன்னா எல்லாரும் முழு நேரம் வரமாட்டாங்க, அண்ணனுக்கு கடை இருக்கு, அக்காவுக்கு பேரன் ஸ்கூல்ல இருந்து வர்ற நேரம் இருக்கு. அதனால மணி கணக்கை பேசாதீங்க, பொறுப்பை பேசுங்க. "எந்த மாடல் ஃபோன்ல நோட்டிஃபிகேஷன் வரலன்னாலும் பதில் சொல்ல வேண்டியது அண்ணன்" அப்படின்னு ஒரே வரி. கோட் எழுதுறவர் சம்பளத்துக்கு வந்தாலும் ஃபவுண்டரா வந்தாலும் கோட் கம்பெனிக்கு சொந்தம்னு கையெழுத்து வாங்கிடுங்க, அப்புறம் வாங்கிக்கலாம்னு விட்டா அந்த அப்புறம் வக்கீல் ஆபீஸ்லதான் வரும்.

அடுத்து யாருக்குன்னு பண்றீங்க. "எல்லாருக்கும்"னு சொன்னீங்கன்னா இப்பவே ஃபோனை வச்சிடுங்க. நம்ம நாட்டு சாட் ஆப் ஹைக் மெசெஞ்சர் 2012 டிசம்பர்ல வந்துச்சு, ஸ்டிக்கர்லாம் அவ்வளவு நல்லா பண்ணாங்க, 2016ல டென்சென்ட்டும் ஃபாக்ஸ்கானும் காசு போட்டு 140 கோடி டாலர் மதிப்புன்னாங்க, 2021 ஜனவரில மூடிட்டாங்க. காசு இல்லாம செத்த கம்பெனி இல்ல அது, சித்தப்பாவும் பால்காரரும் ஏற்கனவே வாட்ஸப்ல இருந்தாங்க, அவ்வளவுதான். ஜோஹோ கம்பெனியோட அரட்டை ஆப் 2021லயே வந்துடுச்சு, யாரும் கண்டுக்கல, 2025 செப்டம்பர்ல திடீர்னு மூணே நாள்ல தினசரி புது ஆள் சேர்றது 3,000ல இருந்து 3.5 லட்சமா போச்சுன்னு ஸ்ரீதர் வேம்பு சொன்னார். அந்த அலையை தாங்க ஜோஹோ மாதிரி சொந்த டேட்டா சென்டரும் சொந்த காசும் இருக்கணும், நமக்கு அந்த அலை வந்தா நாம அடிச்சுட்டு போயிடுவோம்.

நமக்கு வேண்டியது ஏற்கனவே இருக்குற குரூப்ல எரிச்சலோட உக்காந்திருக்குற ஒரு கூட்டம். பூ மார்க்கெட்டுல காலைல அஞ்சு மணிக்கு மல்லி கிலோ என்ன விலைன்னு ஒரு வாய்ஸ் வரும், அது வந்த பத்து நிமிஷத்துல 60 குட்மார்னிங் படத்துக்கு அடில போயிடும், விவசாயி பறிச்ச பூவை எந்த கடைக்கு போடுறதுன்னு தெரியாம நிப்பாரு. நாங்க அந்த ஒரு எரிச்சலுக்கு மட்டும் பண்ணோம். விலை வாய்ஸ் மேல நிக்கும், படம் அனுப்பவே முடியாது. படம் அனுப்ப முடியாததுக்கு நாங்க வாங்குன திட்டு கொஞ்சநஞ்சம் இல்ல, ஆனா யாரும் ஆப்பை ஃபோன்ல இருந்து தூக்கல.

அக்கா குடுத்த ஐடியா ஒண்ணு சொல்லணும். அந்தக் காலத்துல டிரங்க் கால் (எக்ஸ்சேஞ்ச்ல சொல்லி வெளியூருக்கு போடுற கால்) புக் பண்றப்ப ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங்னு மூணு தினுசு இருக்கும், லைட்னிங்னா எட்டு மடங்கு காசு, அதனால சாவு செய்தி மாதிரி விஷயத்துக்குத்தான் போடுவாங்க. "காசு வாங்காதீங்க, ஆனா ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரே ஒரு லைட்னிங் குடுங்க"ன்னாங்க. அந்த மெசேஜ் மட்டும் சைலன்ட்ல இருந்தாலும் ரிங் ஆகுற மாதிரி வச்சோம், எங்க ஆப்லயே அதிகம் பேசப்பட்டது அதுதான். பி.டெக் படிச்ச எங்க தம்பிக்கு இது தோணியிருக்குமான்னு கேட்டா அவனே இல்லன்னுதான் சொல்லுவான்.

டெக்னாலஜியை சுருக்கமா சொல்லிடறேன். புதுசா எதையும் கண்டுபிடிக்காதீங்க. வாட்ஸப் ஆரம்பத்துல ஈஜாபர்டின்னு ஒரு ஓப்பன் சோர்ஸ் (யார் வேணா எடுத்து மாத்திக்கலாம்னு திறந்து விட்ட) சர்வரை எடுத்து மாத்திதான் ஓட்டுனாங்க, அது எர்லாங்ல எழுதுனது, எர்லாங் எரிக்சன் கம்பெனில டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்குன்னே பண்ணுன மொழி. ஒரு கால் கட்டாச்சுன்னா மத்த கால் எதுவும் ஆடக்கூடாதுங்குற புத்தி அந்த மொழிக்குள்ளயே இருக்கு. 2012லயே ஒரே சர்வர்ல 20 லட்சம் கனெக்‌ஷன் தாங்க வச்சாங்க, 2014ல ஃபேஸ்புக் 1,900 கோடி டாலருக்கு வாங்குனப்ப 45 கோடி பேர் உபயோகிச்சாங்க, ஆபீஸ்ல இருந்தது 55 பேர். இதை தம்பி அக்காகிட்ட விளக்குனப்ப "இதத்தானேப்பா நாங்க வேலைல சேந்தப்ப முதல் நாளே சொல்லிக் குடுத்தாங்க"ன்னு சொல்லிட்டு டீ குடிக்கப் போயிட்டாங்க.

ஃபோன்லயே மெசேஜுக்கு ஒரு ஐடி போட்டு, சர்வர் வாங்குனேன்னு சொல்றவரைக்கும் திரும்பத் திரும்ப அனுப்புங்க, அதே ஐடி ரெண்டாவது வந்தா சர்வர் தூக்கிப் போடட்டும். நேரத்தை ஃபோன்ல இருந்து எடுக்காதீங்க. அண்ணன் கடைக்கு வர்ற ஃபோன்ல பாதி பேட்டரி செத்து தேதி 1970ல நிக்குமாம், அதை நம்பி மெசேஜை வரிசைப்படுத்துனா இன்னைக்கு விலை நேத்து விலைக்கு மேல போய் உக்காந்துரும். தமிழ்ல ப்ரிவ்யூ காட்டறப்ப எழுத்தை பாதில வெட்டாதீங்க, "கொ"ன்னு கண்ணுக்கு ஒரு எழுத்தா தெரிஞ்சாலும் உள்ள ஒண்ணுக்கு மேல குறியீடு இருக்கு, நடுவுல வெட்டுனா அர்த்தமே மாறிடும், சில சமயம் கொம்பு மட்டும் ஒரு புள்ளி வட்டத்தோட தனியா தொங்கும்.

இப்ப ஓடிபி. புது ஆளுங்க கவுந்து விழுற இடம் இதுதான், அதனால பொறுமையா படிங்க. வாட்ஸப் ஆரம்ப காலத்துல அவங்களுக்கு இருந்த பெரிய செலவே நம்பரை சரிபாக்குற எஸ்எம்எஸ்தான், அமெரிக்காக்குள்ள 2 சென்ட், மத்திய கிழக்குக்கு 65 சென்ட். ஆள் அதிகமா சேந்தா காசு கரையுதுன்னு ஆப்பை இலவசத்துல இருந்து காசுக்கு மாத்தி கூட்டத்தை வேணும்னே குறைச்சாங்கன்னா பாருங்க. சிக்னல் 2023 நவம்பர்ல கணக்கு வெளியிட்டாங்க, சர்வர் ஸ்டோரேஜ் மாதிரி வருஷ செலவு சுமார் 1.4 கோடி டாலர், அதுல நம்பர் பதிவு பண்றதுக்கு மட்டும் 60 லட்சம். மெசேஜ் அனுப்புற கம்பெனி இன்னொருத்தன்கிட்ட மெசேஜ் அனுப்ப காசு குடுத்தே ஓய்ஞ்சு போகுது.

நம்ம நாட்டுல இதுக்கு மேல டிஎல்டின்னு ஒரு பதிவு முறை. டெலிகாம் ஆணையம் ட்ராயோட விதிப்படி கம்பெனியை பதிவு பண்ணணும், எஸ்எம்எஸ்ல அனுப்புறவர் பேரா வர்ற ஹெடரை பதிவு பண்ணணும், அனுப்பப்போற வாக்கியத்தை டெம்ப்ளேட்டா பதிவு பண்ணணும். ஒரு எழுத்து மாறுனாலும் வழிலயே தூக்கிப் போட்டுடுவாங்க, நமக்கு எரர் கூட சில சமயம் வராது. நாங்க மாட்டுனது எப்படின்னா, ஆண்ட்ராய்டுல ஓடிபியை ஆப் தானா படிக்கணும்னா எஸ்எம்எஸ் கடைசில 11 எழுத்து கோட் ஒண்ணு வைக்கணும், அது ஆப்புக்கு கையெழுத்து போடுற சாவியை (ஆப் நம்மளோடதுதான்னு காட்டுற டிஜிட்டல் முத்திரையை) பொறுத்தது. தம்பி அவன் லேப்டாப் சாவில வந்த கோடை வச்சு டெம்ப்ளேட் பதிவு பண்ணிட்டான். ப்ளே ஸ்டோர்ல ஏத்துனதும் கூகுள் அவங்க சாவில கையெழுத்து போடும், கோட் மாறிடுச்சு, சர்வர்ல புது கோடை மாத்துனோம், டெம்ப்ளேட்ல பழசு, ஒரு எஸ்எம்எஸ் கூட போகல. தொடங்குன அன்னைக்கு 40 கமிஷன் கடைக்காரங்க ஃபோனை கைல வச்சுக்கிட்டு எங்களை முறைச்சாங்க. புது டெம்ப்ளேட் ஓகே ஆகுறவரைக்கும் அக்கா ஒரு நோட்டை எடுத்து உக்காந்து ஒவ்வொருத்தர் நம்பருக்கும் ஃபோன் பண்ணி ஓடிபியை வாயால சொன்னாங்க, "உங்க எண் நாலு, ஏழு, ரெண்டு" அப்படின்னு எக்ஸ்சேஞ்ச் குரல்ல. அதனால கோட் வர்ற இடத்தை டெம்ப்ளேட்லயே மாறக்கூடிய பகுதியா வைங்க, இல்லன்னா முதல்ல ப்ளேல டெஸ்டிங்குக்கு ஏத்தி சரியான கோடை எடுத்துட்டு அப்புறம் பதிவு பண்ணுங்க. இன்னொண்ணு, உங்களுக்கு இந்தியா மட்டும்தான்னா 91 தவிர எல்லா நாட்டு நம்பரையும் பூட்டிடுங்க, ஒரு நம்பருக்கு ஒரு மணி நேரத்துல இத்தனை தடவைதான்னு வைங்க. காசு அதிகமான வெளிநாட்டு நம்பருக்கா பாட் (தானா ஓடுற ப்ரோக்ராம்) வச்சு ஓடிபி கேட்டே பர்சை காலி பண்ற கூட்டம் இருக்கு.

ப்ளே ஸ்டோர் பத்தி பேசுனதால சொல்றேன், தனி ஆள் பேர்ல புது அக்கவுண்ட்னா 12 பேர் தொடர்ந்து 14 நாள் டெஸ்ட் பண்ணாத்தான் வெளியிட விடுவாங்க. 25 டாலர் ஒரு தடவை. ஆப்பிளுக்கு வருஷா வருஷம் 99 டாலர், பூ மார்க்கெட்டுல ஐஃபோன் வச்சிருந்தது ரெண்டே பேர், அதனால நாங்க அந்தப் பக்கமே போகல.

ஃபோன் தூங்குற கதைக்கு வருவோம். ஆண்ட்ராய்டு 6ல இருந்தே பேட்டரி மிச்சம் பிடிக்க ஆப்பை தூங்க வைக்கும், கூகுளோட புஷ் சர்வீஸ் (ஃபோனுக்கு நோட்டிஃபிகேஷன் கொண்டு போற சேவை) வழியா அவசர மெசேஜ்னு குறிச்சு அனுப்புனா எழுப்பும், ஏட்டுல அப்படித்தான் இருக்கு. நிஜத்துல ஷாவ்மி, ஓப்போ, விவோல அவங்கவங்க சொந்தமா ஒரு ஆட்டோஸ்டார்ட் பூட்டு வச்சிருப்பாங்க, ஆப்பை மேல தள்ளி மூடுனா சில மாடல்ல புஷ்ஷே வராது. தம்பி மூணு நாள் சர்வர்ல என்ன நடந்துச்சுன்னு இருக்குற பதிவை நோண்டிட்டு இருந்தான், அண்ணன் வந்து செட்டிங்ஸ்ல ரெண்டு பட்டனை தட்டிட்டு "இந்த மாடலுக்கு இதாண்டா"ன்னு போயிட்டாரு. அப்புறம் அவர் கடைக்கு ரிப்பேருக்கு வர்ற ஃபோன்லலாம் (கேட்டுட்டுதான்) ஆப்பை போட்டுப் பாத்து எந்த மாடலுக்கு எந்த பட்டன்னு ஒரு நீளமான லிஸ்ட் பண்ணாரு, ஆப் முதல் தடவை திறக்குறப்ப அந்த மாடலுக்கான படத்தை மட்டும் காட்டுற மாதிரி வச்சோம். கம்ப்ளெயின்ட் பாதிக்கு மேல குறைஞ்சது அந்த ஒரு வேலைலதான். பெரிய டெஸ்டிங் லேபுக்கு காசு குடுக்குறதுக்கு பதிலா ஒரு சர்வீஸ் கடைக்காரருக்கு ஷேர் குடுங்க, நான் டெஸ்டரா இருந்தவன் சொல்றேன்.

என்கிரிப்ஷன், அதாவது அனுப்புறவரும் வாங்குறவரும் தவிர நடுவுல யாரும் பாக்க முடியாம மெசேஜை பூட்டுறது, வேணுமா வேணாமான்னு எங்களுக்குள்ள பெரிய சண்டை. பூ விலைக்கு எதுக்குங்குறது என் கட்சி. அக்கா கறாரா நின்னாங்க. "டிரங்க் போர்டுல உக்காந்தா யார் பேசுறதையும் கேக்கலாம், கேக்கக்கூடாதுன்னு ரூல் இருந்துச்சு, ஆனா கேக்க முடியும்ல, அது ஊர்ல எல்லாருக்கும் தெரியும்ல" அப்படின்னாங்க. அவங்க சொன்னது சரிதான், கமிஷன் கடைக்காரர் ஒரு விவசாயிக்கு மட்டும் தனியா சொல்ற விலை வெளிய தெரிஞ்சா எங்க கதை முடிஞ்சுது. அரட்டை திடீர்னு பரவுனப்ப கூட ஜனங்க முதல்ல கேட்ட கேள்வி டெக்ஸ்ட் சாட்டுக்கு ஏன் முழு என்கிரிப்ஷன் இல்லங்குறதுதான், அப்ப காலுக்கு மட்டும்தான் இருந்துச்சு. சொந்தமா பூட்டு செய்யாதீங்க, சிக்னலோட லைப்ரரி இருக்கு, ஆனா லைசென்ஸ் ஏஜிபிஎல், உங்க கோடையும் திறந்து வைக்க வேண்டி வரும், எடுக்குறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணுங்க. இன்னொரு விலையும் இருக்கு. ஃபோன் தொலைஞ்சா, ஃபார்மேட் பண்ணா, பழைய மெசேஜ் போச்சு. தினமும் பத்து ஃபோன் ஃபார்மேட் பண்ற அண்ணன்தான் இதை முதல்ல சொன்னாரு, அவர் சொன்ன அப்புறம்தான் பேக்கப் வச்சோம்.

சட்டம் ரெண்டு வரி. 2021 ஐடி விதிப்படி சின்ன ஆப்பா இருந்தாலும் குறை கேக்குற அதிகாரி ஒருத்தர் பேரும் தொடர்பும் வெளிய தெரியணும், புகார் வந்தா 24 மணி நேரத்துல கிடைச்சுதுன்னு சொல்லணும், குறிச்ச நாளுக்குள்ள முடிக்கணும், நாங்க ஓட்டுனப்ப அது 15 நாள். மெசேஜை முதல்ல அனுப்புனது யாருன்னு காட்டணும்ங்குற விதி 50 லட்சம் பேருக்கு மேல போனவங்களுக்கு, அதை எதிர்த்து வாட்ஸப் டெல்லி ஹைகோர்ட் போயிருக்கு. எங்க குறை அதிகாரி யாருன்னு தனியா சொல்லணுமா, அக்காதான். 15 நாள் அவங்களுக்கு ஜாஸ்தி, சாயங்காலத்துக்குள்ள ரெண்டு பக்கமும் ஃபோன் பண்ணி சமாதானம் பண்ணிடுவாங்க.

காசு விஷயத்துல நாங்க உதாரணம் இல்ல. கடைக்கு மாசம் 200 ரூபா, விவசாயிக்கு இலவசம். செலவுக்கு சரியா இருந்துச்சு, தம்பி சம்பளம் ஏத்துறதுக்கு இல்ல. அவனுக்கு பெங்களூர்ல நல்ல வேலை வந்தப்ப நாங்களே போடான்னு சொன்னோம். புது ஆளை வச்சு ஓட்ட தெம்பில்ல.

மூடுறதுக்கும் முன்னாடியே முறை எழுதி வைங்க, நாங்க பேப்பர் போட்ட அன்னைக்கே எழுதினது அக்கா பிடிவாதத்தால. 60 நாள் முன்னாடி எல்லாருக்கும் வாய்ஸ்ல சொல்றது, பழைய மெசேஜை அவங்கவங்க ஃபோன்ல சேமிக்க ஒரு பட்டன், கட்டுன காசு மிச்சம் இருந்தா திருப்பி, சர்வர் டிஸ்கை அழிச்சதுக்கு ஒரு கையெழுத்து. கடைசி நாள் ராத்திரி சர்வரை நிறுத்தப்போறப்ப அக்கா க்யூ காலியான்னு கேட்டாங்க. 17 மெசேஜ் போய் சேராம நின்னுச்சு. உள்ள என்ன இருக்குன்னு எங்களால பாக்க முடியாது, யாருக்குன்னு நம்பர் மட்டும் தெரியும். அக்கா கண்ணாடியை போட்டுக்கிட்டு ஒவ்வொரு நம்பரா கூப்பிட்டாங்க. "உங்களுக்கு ஒரு செய்தி காத்திருக்கு, நெட்டை ஆன் பண்ணுங்க". பதினொன்னே முக்காலுக்கு நாலு மிச்சம், அதுல மூணு பேர் எடுத்தாங்க. ஒருத்தர் எடுக்கல, அவருக்காக சர்வரை மறுநாள் காலைல அஞ்சு மணி வரைக்கும் விட்டு வச்சோம்.